செட்டுக்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி (மார்ச் 2)
ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் 'செட்'தானாம், மொத்தம் 430 என்று கின்னஸில் இருக்கிறதாம். மகளின் பள்ளிக்கூட வினாடி வினாவில் கேட்டிருக்கிறார்கள். தமிழில் இதற்குப் பக்கத்திலாவது வரக்கூடிய ஒரு சொல் உண்டா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லவும்.

மார்ச் 2, இரவு 10.40
430 பழைய கணக்கு. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 20 தொகுதி. அதில் செட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம் இருந்தது. சிறு நாவல் அளவு. பிறகு அகராதியைத் திருத்த உட்கார்ந்தார்கள். 2000இல் 'மேக்' முந்தியது, 2007இல் 'புட்', 2011இல் 'ரன்' வந்து எல்லாரையும் தாண்டிவிட்டது. ரன்னுக்கு 645. அதைத் தொகுத்த பீட்டர் கில்லிவருக்கு அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் போயிற்று. பிள்ளைப்பேறு கணக்கு.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் போட்டியில் 430 என்றே எழுதச் சொல்லுங்கள். விடைத்தாளில் அதுதான் இருக்கும்.

மார்ச் 3, காலை
நேற்று எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டேன். 'தமிழில் இல்லை என்றுதான் தோன்றுகிறது' என்ற வரி ராத்திரி முழுக்க உறுத்தியது.

இந்த எண்ணிக்கையே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. ஒரு கோழியை எட்டுத் துண்டாகவும் போடலாம், பதினாறாகவும் போடலாம், கடைக்காரர் கத்தியைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் பொடிப்பொடியாக நறுக்குகிறவர்கள். கடிகாரத்தை செட் பண்ணுவது ஓர் அர்த்தம், பொறியை செட் பண்ணுவது வேறு, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது வேறு, பாட்டுக்கு மெட்டமைப்பது வேறு. போதாததற்கு செட் ஆஃப், செட் அவுட், செட் அப், செட் இன் என்று வால் முளைத்த வடிவங்கள் எல்லாம் அதே பதிவில் போய்ச் சேரும். நம் அகராதிக்காரர்கள் 'மணி அடி', 'ஆணி அடி' இரண்டையும் அப்படித் தனித்தனி எண் போட்டு எழுதியிருந்தால் நம் கணக்கும் ஏறியிருக்கும்.

மார்ச் 3, மதியம்
செட்டோடு எனக்குப் பழைய பகை உண்டு. சொல்லிவிடுகிறேன்.

நான் இயந்திரக் கையேடு, மருந்துப் பெட்டித் தாள், உர மூட்டை வாசகம் இதெல்லாம் தமிழில் எழுதிக் கொடுக்கிறவன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சிமென்ட் விளக்கத் தாள் வந்தது. சாதாரண போர்ட்லாண்டு சிமென்டுக்கு இரண்டு 'செட்டிங் டைம்' உண்டு. தண்ணீர் சேர்த்ததிலிருந்து முதல் செட்டிங் 30 நிமிடத்துக்கு முன்னால் வந்துவிடக் கூடாது, கடைசி செட்டிங் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இந்தியத் தரக் கணக்கு அது. எனக்குச் சிமென்டும் தெரியாது, சித்தாள் வேலையும் தெரியாது. அகராதியைப் பார்த்தேன். முதல் பொருள் 'அமை'. 'தொடக்க அமைப்பு நேரம்', 'இறுதி அமைப்பு நேரம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அச்சாகியும் வந்துவிட்டது.

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் மாடி போட்டுக்கொண்டிருந்தோம். பெருமையோடு தாளை மேஸ்திரியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரி படித்தார். "என்ன சார் அமைப்பு? கட்சி கிட்சி ஆரம்பிக்கிறீங்களா?" என்றார்.

"இல்ல மேஸ்திரி, சிமென்டு செட் ஆகிறது..."

"அப்ப செட்டாகிறதுன்னே எழுத வேண்டியதுதானே. இல்ல, இறுகுறதுன்னு எழுதுங்க."

கரண்டியின் நுனியால் முந்தைய நாள் போட்ட இடத்தைத் தட்டிக் காட்டினார். டிங் என்று கேட்டது. இரண்டடி தள்ளி அன்று காலையில் போட்டதைத் தட்டினார். தொப் என்றது. "இது இழுத்திருக்கு, இன்னும் செட்டாகல. அது செட்டாயிருச்சு." அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை.

அதற்கப்புறம் எந்தக் கையேடு வந்தாலும் அந்த வேலை செய்கிற ஆள் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை.

மார்ச் 4
எப்படி ஒரே சொல்லுக்கு இத்தனை என்று ஒருவர் கேட்டிருந்தார். வேரைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். 'சிட்' என்றால் உட்கார். 'செட்' அதன் பிறவினை: உட்காரச் செய். பழைய ஆங்கிலத்தில் சிட்டன், செட்டன். நமக்கு இது அந்நியமே இல்லை. நட, நடத்து. கிட, கிடத்து. இரு, இருத்து. நம்மிடம் இந்த இயந்திரம் இன்றைக்கும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் துருப்பிடித்துச் சில ஜோடிகள் மட்டும் மிச்சம். லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ஃபால் என்றால் விழு, மரத்தை ஃபெல் பண்ணினால் வீழ்த்து. எனக்குப் பிடித்த ஜோடி டிரிங்க், டிரெஞ்ச். இன்று மழையில் தொப்பலாக நனைவதைச் சொல்லும் டிரெஞ்ச் ஒரு காலத்தில் 'குடிக்க வை'.

ஆக செட்டின் அடியில் இருப்பது ஒரு சாதாரண வேலை. ஒன்றை அதன் இடத்தில் உட்கார வைப்பது. மோதிரத்தில் கல், அச்சில் எழுத்து, கூண்டில் பொறி, முட்டை மேல் கோழி. சிமென்டும் தயிரும் தாமே உட்கார்ந்துகொள்கின்றன. சூரியனும் போய் உட்கார்கிறது. பாதிக்கு மேல் இதில் அடங்கிவிடும். மீதி அடங்காது, அதை அடக்கிக் காட்டுகிறேன் என்று வருகிறவரை நம்ப வேண்டாம்.

மார்ச் 4, இரவு
எங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியர் முக்காலத்தையும் கோரஸாகச் சொல்லச் சொல்வார். கோ வென்ட் கான். ஈட் ஏட் ஈட்டன். செட் செட் செட். இதில் மட்டும் வகுப்பே கத்தும், தப்பு விட வழியே இல்லாத ஒரே வினைச்சொல். (கட், புட், ஹிட் என்று இன்னும் கொஞ்சம் உண்டு. ஆனால் செட்டுக்குத்தான் சத்தம் அதிகம்.)

மார்ச் 6
'செட் ஆகலை' பற்றி நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். இந்தச் சட்டை செட் ஆகலை, இந்த ஊர்த் தண்ணி செட் ஆகலை, அவனுக்கும் அவளுக்கும் செட் ஆகலை. இது நாமே உண்டாக்கிய அர்த்தம், ஆங்கிலேயன் கேட்டால் விழிப்பான் என்று நானும் எழுத இருந்தேன். கையை இழுத்துக்கொண்டேன். ஒரு கோட்டு உடம்பில் எப்படிப் படிந்து நிற்கிறது என்பதை ஆங்கிலத்தில் அதன் 'செட்' என்றே சொல்வதுண்டு. நாம் அங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லவில்லை. வேறு பாதையில் போய் அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவே. தண்ணி செட் ஆகாதது மட்டும் முழுக்க நம்முடையது.

பெயர்ச்சொல் கணக்கும் எழுதுகிறேன், நம் ஊரில் புழங்குவதை மட்டும்: செட் தோசை, பல் செட், பேண்டு செட், சினிமா செட், கல்யாண வீட்டு மைக் செட், கல்லூரியில் 'எங்க செட்', பிறகு பம்பு செட்டு. 'செட்டப்' என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், குடும்பப் பெரியவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

மார்ச் 7
பம்பு செட்டு பற்றி ஒருவர் மறுத்திருக்கிறார். "அது செட் இல்லை ஐயா, ஷெட். மோட்டார் இருக்கிற கொட்டகை. ஊரில் ஷெட்டைச் செட்டு என்பார்கள்." ஒப்புக்கொள்ள மாட்டேன். மோட்டாரும் பம்பும் சேர்ந்த ஒரு ஜோடி, அதனால் செட். ஆங்கிலத்திலும் பம்ப்செட் என்றே எழுதுகிறார்கள். மின்வாரியத்து விண்ணப்பத்தைப் பாருங்கள்.

மார்ச் 8, காலை
யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் பாதி இருக்கிறது.

ஒட்டன்சத்திரம் பக்கம் மாமாவின் தோட்டம். கிணற்று மேட்டில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம், ஆள் குனிந்து போகிற கதவு. உள்ளே 5 ஹெச்பி மோட்டார், சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, கிரீஸ் வாசம், மூலையில் மண்வெட்டி, பூச்சிமருந்து டப்பா, ஆணியில் தொங்கும் மாமாவின் சட்டை. வெளியே தண்ணீர் விழுகிற தொட்டி. லீவுக்குப் போனால் பகலெல்லாம் அங்கேதான். மாமா சொல்கிற வாக்கியங்களை நினைவில் ஓட்டிப் பார்க்கிறேன். "செட்டுல போய்க் குளிங்கடா." "செட்டுச் சாவி எங்க?" "செட்டு ரிப்பேரு, ஆள் வரச் சொல்லியிருக்கேன்." "மழைக்குச் செட்டுல ஒதுங்கிக்க."

சாவி உள்ள செட்டு கொட்டகை. ரிப்பேரான செட்டு மோட்டார். குளிக்கிற செட்டு இரண்டும் இல்லை, தொட்டி. மாமா ஒருநாளும் இதில் குழம்பியதில்லை. சைக்கிள் செட்டு, லாரி செட்டு எல்லாம் ஷெட்தான், அதில் வழக்கே இல்லை. எங்கள் வாயில் ஷ வராது, இரண்டு சொல்லும் ஒன்றாகப் போய்விட்டன. மறுத்தவர் மன்னிக்கவும். என்னையும் முழுக்க விட்டுவிட வேண்டாம்.

மார்ச் 8, இரவு
இதை எழுதிவிட்டு அகராதிக்குப் போனவன் அசந்துவிட்டேன். ஆங்கிலத்திலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது!

உட்கார வைக்கிற 'செட்' பழைய ஆங்கிலத்துச் சொந்தச் சரக்கு. கூட்டம், குழு என்கிற 'செட்' வேறு வழியாக வந்தது. லத்தீனில் செக்டா, பின்தொடர்கிறவர்கள் கூட்டம். மதப்பிரிவைச் சொல்கிற 'செக்ட்' அதன் நேர் வாரிசு. பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து 'செத்' மாதிரி ஆகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. உள்ளே வந்து பார்த்தால் அதே ஒலியில் ஒருவர் ஏற்கெனவே குடியிருக்கிறார். சேர்த்து வைத்ததும் செட், சேர்ந்திருப்பதும் செட் என்று இரண்டும் ஒட்டிக்கொண்டன. இன்றைக்கு டீ கப் செட் எந்த வழிச் சொல் என்று சும்மா பார்த்துச் சொல்ல முடியாது.

அதாவது 'எங்க செட்டு' என்று கல்லூரிப் பையன் சொல்வது செக்டா. சிமென்டு செட்டாவது செட்டன். மாமாவின் சாவி ஷெட். மூன்று சொல், நம் வாயில் ஒரே ஒலி.

மார்ச் 9
திருத்தம். முதல் குறிப்பில் சொல்லுக்கு 430 என்கிற தொனியில் எழுதிவிட்டேன். அது வினைச்சொல்லுக்கு மட்டும். பெயர்ச்சொல்லுக்கு அகராதியில் தனிப் பதிவு. ரன்னின் 645உம் வினைக்குத்தான். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்ல மாட்டேன், சொன்ன விதம் அப்படி.

மார்ச் 11
கணக்குப் பாடத்தை விட்டுவிட்டீர்களே என்று ஓர் ஆசிரியை. விடவில்லை, பயந்தேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் செட் என்பது 'கணம்'. உட்கணம், வெற்றுக்கணம், கணங்களின் சேர்ப்பு. நான் படித்தபோது கணம் என்றால் நொடி, பூதகணம், பாரம் (கனம் என்று எழுத வேண்டியதைத் தப்பாக எழுதி). 'வெற்றுக்கணம்' என்று முதல் நாள் கரும்பலகையில் பார்த்ததும் ஏதோ சோகக் கவிதை என்று நினைத்தேன்.

மார்ச் 11, சற்று நேரம் கழித்து
யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: "எங்களுக்கு அது தொடை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் தொடைகள் என்றுதான் படித்தனாங்கள்." இங்கே வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பையன்களை அன்று முழுக்க அடக்க முடியாது. அங்கே யாரும் சிரிக்க மாட்டார்களாம், பழகிவிட்டதாம்.

ஆனால் யோசித்தால் நல்ல சொல். தொடு என்றால் கோர்த்துக் கட்டு, பூத் தொடுக்கிறோமே. தொடுத்தது தொடை, மாலை. யாப்பில் மோனைத் தொடை, எதுகைத் தொடை. உறுப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்தது. கணத்தைவிட இது பொருத்தம் என்று இப்போது படுகிறது. (இந்தப் 'படுகிறது'வையும் கவனியுங்கள். படு, படுத்துக்கொள், பாடுபடு, அடிபடு, கண்ணில் படு, சொல்லப்படு, படுஜோர். சங்கப் பாட்டில் சூரியன் மறைவதும் படுதல். சூரியனைப் படுக்க வைப்பதில் நாமும் அவர்களும் ஒரு கட்சி.)

மார்ச் 14
கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "இதெல்லாம் சரி, ஆனால் பழைய தமிழர்கள் இந்தப் பல அர்த்த விஷயத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லையே?"

ஐயா, அதற்கென்றே தனி அத்தியாயம் போட்டவர்கள் நாம். சூடாமணி நிகண்டு, மண்டலபுருடர் செய்தது, 12 தொகுதி. அதில் பதினோராவது 'ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி'. பேரைப் பாருங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'பதினோராவது நிகண்டு' என்று தனியாகவே அதை மனப்பாடம் செய்தார்கள். முதலில் வருவது பகவன் என்ற சொல். ஈசனும் பகவன், மாயோனும் பகவன், பிரமனும், சினனும், புத்தனும் பகவன். எழுதியவர் சமணர். எல்லாரையும் ஒரே பாட்டில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கும் முன்னால் தொல்காப்பியம், சொல்லதிகாரம். பல பொருள் ஒரு சொல் இரண்டு வகை என்கிறது: வினையால் வேறுபடுத்தக்கூடியது, வினை வைத்தும் பிரிக்க முடியாதது. முதல் வகையில் பொருள் எப்படித் தெரியவரும் என்றால் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்'. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் குதிரை. பிரியாத வகைக்கு உரைகாரர் காட்டுவது கன்றுக்குத் தண்ணீர் கொடு என்பது. மாட்டுக் கன்றா வாழைக் கன்றா, நீங்கள் சொன்னால்தான் உண்டு.

மாமாவின் 'செட்டுச் சாவி', 'செட்டு ரிப்பேரு' இரண்டையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாவி இனம். ரிப்பேரு வினை. நான் சிமென்டில் வழுக்கி விழுந்ததும் இங்கேதான். பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் செட்டை மட்டும் தூக்கிக்கொண்டு அகராதிக்கு ஓடினேன்.

மார்ச் 15, பேருந்தில்
திண்டுக்கல் வரும்வரை 'அடி' எண்ணினேன். ஆள் அடி, ஆணி அடி, மணி அடி, பெயின்ட் அடி, மருந்து அடி, காத்து அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, நாத்தம் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, கண் அடி, சைட் அடி, காப்பி அடி, தண்ணி அடி, அரட்டை அடி, கொள்ளை அடி, பத்திரிகை அடி (கல்யாணப் பத்திரிகை), லாட்டரி அடித்தது, போன் அடிக்கிறது, சிக்ஸர் அடி. பெயரில் 12 அங்குலம், பாட்டின் வரி, பாதம், பாத்திரத்தின் அடி. ஆத்தூர்ப் பிரிவில் தூங்கிவிட்டேன்.

மார்ச் 18
அடி நல்ல போட்டியாளர், ஆனால் செட்டுக்குச் சரியான ஜோடி அது இல்லை. நேற்று அம்மாயி வீட்டில் கிடைத்தது.

அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டையை ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டிப் பார்த்து, கூழ்முட்டையை ஒதுக்கி, பதினொன்றை அடுக்கினார். கோழியை இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்து மேலே இறக்கினார். அது ஒருமுறை சிலிர்த்துவிட்டுப் பரவி உட்கார்ந்தது. "இன்னைக்கு நாள் நல்லாருக்கு கண்ணு, அதான் அடை வெச்சேன்" என்றார்.

அடை வை. ஆங்கிலத்தில் இதற்கும் செட் என்றே சொல்வார்கள். திரும்பி வரும்போது வண்டியிலேயே வரிசையாக வந்து விழுந்தது. பொறி வை. தீ வை. விலை வை. தேதி வை. அலாரம் வை. காலடி எடுத்து வை. அத்தனையும் அங்கே செட். எல்லாம் பொருந்தாது, சாப்பாட்டு மேஜையை அவர்கள் செட் பண்ணுவார்கள், நாம் இலை போடுவோம். பயணம் செட் ஆஃப், நாம் கிளம்பிவிடுவோம். ஆனாலும் இத்தனை நாள் 'அமை' என்ற சொல்லைக் கட்டிக்கொண்டு அழுத மொழிபெயர்ப்பாளனுக்கு இது கண்ணுக்கு நேரே இருந்தது.

இன்னொன்று. நாம் பிறவினை ஆக்குவதற்கே வைதானே போடுகிறோம்? படிக்க வை, சிரிக்க வை, உட்கார வை. 4ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். செட்டனுக்குப் பொருள் எழுதும்போது என் விரல் தானாக 'உட்கார வைப்பது' என்று அடித்திருக்கிறது. டிரெஞ்சுக்குக் 'குடிக்க வை'. எழுதியவனுக்கே தெரியாமல் விடை அங்கே கிடந்தது.

கேட்டவருக்கு: வை. எத்தனை அர்த்தம் என்று எண்ணித் தரமாட்டேன். ஒன்பது மாதம் லீவு கிடைக்காது.

மார்ச் 19
மேஸ்திரியிடம் போனில் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், அந்தத் தாளு மறுபடி அடிச்சாங்களா?" என்றார். அடித்தார்கள். 'இறுகும் நேரம்' என்று.

மார்ச் 23
ஊருக்குப் போயிருந்தேன். மாமா இப்போது தனியாகத்தான் இருக்கிறார். கிணறு வற்றி ஏழெட்டு வருடம் ஆகிறது, போர் போட்டு உள்ளே மோட்டாரை இறக்கியாகிவிட்டது, மேலே குழாய் மட்டும் தெரியும். பழைய மோட்டாரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். கிணற்று மேட்டுப் பக்கம் நடக்கப் போகலாமா என்று கேட்டேன்.

"போய்ப் பாரு மாப்ளே. செட்டு இருக்குது. செட்டுதான் இல்ல."